384 பேர் கிடைத்துவிட்டார்கள் சார்!

போன வாரம் மும்பை மாட்டுங்காவில் என் வீட்டுக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தார். லேப்டாப்பைத் திறக்கும் முன்பே, "384 பேர் கிடைத்துவிட்டார்கள் சார்" என்றார். இந்த வருடம் இந்த எண்ணோடு வரும் ஐந்தாவது ஆள் அவர். தலைப்பு மாறும், கல்லூரி மாறும், ஆய்வுக்கு இத்தனை பேரைக் கேட்டால் போதும் என்கிற அந்த 384 மட்டும் மாறாது.

தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லி எடுத்துப்போய் விற்பவர்கள் யூபிஐயில் பணம் வாங்குகிறார்களா என்பது அவருடைய ஆய்வு. அருமையான கேள்வி. தகவல் திரட்டிய விதம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. கூகுள் ஃபார்ம் ஒன்றை ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார். 384 வந்ததும் மூடிவிட்டார். ஏறக்குறைய எல்லோரும் யூபிஐ வைத்திருக்கிறார்கள் என்பது முடிவு. பின்னே? போனில் லிங்க்கைத் தொட்டு ஃபார்ம் நிரப்புகிறவரிடம் யூபிஐ இல்லாமலா போகும்? பட்டன் போன் வைத்திருக்கும் இட்லி அண்ணன் அந்த 384-இல் எங்கே?

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள். 1.96-இன் வர்க்கத்தை 0.5-ஆல் இரண்டு முறை பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. 1.96 என்பது நூறில் 95 முறை என்ற உறுதிக்கு, 0.5 பாதிக்குப் பாதி 'ஆம்' என்ற அனுமானத்துக்கு, 0.05 ஐந்து சதவீதப் பிசகுக்கு. அவ்வளவுதான் ரகசியம். 1970-இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையில் 10 லட்சம் மக்கள்தொகைக்கு நேரே 384 என்று இருக்கும். நம் ஆய்வேடுகள் அங்கிருந்து அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டன, நிபந்தனைகளை அங்கேயே விட்டுவிட்டு. முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு வேண்டும். தேர்வானவர் பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் இருந்தால், குலுக்கலில் வரும் பிசகு ஐந்து சதவீதப் புள்ளிக்குள் அடங்கும், அதுவும் நூறில் 95 முறை. குலுக்கலே நடக்காத இடத்தில் அந்தச் சூத்திரத்துக்கு என்ன வேலை? கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு எத்தனை லீவர் என்று விசாரிக்கிற கதைதான்.

"அப்படியானால் ஆயிரம் பேரிடம் வாங்கட்டுமா சார்?" என்றார். இதற்குத்தான் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி அஞ்சலட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளில் பெரும்பங்கு டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார்ப் பதிவேட்டிலிருந்தும் வந்தவை; அன்றைக்கு அவை வசதியானவர்களிடம்தான் அதிகம். போதாததற்கு, வேலைமெனக்கெட்டுப் பதில் அனுப்பியவர்களும் ஒரு ரகம். 20 லட்சம் பேரால் சரிசெய்ய முடியாததை உங்கள் ஆயிரம் பேரா சரிசெய்வார்கள்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கொதித்துப் புரளும் சோற்றுக்குச் சரி. இட்லிக் கொப்பரையில் தட்டுக்கு ஒன்றைக் குத்திப் பார்த்தால்தான் நிம்மதி. மாணவியின் அம்மா தினமும் அப்படித்தான் செய்வாராம். மகள் ஆய்வேட்டில் மேல் தட்டோடு நிறுத்திவிட்டார்.

இன்னொரு வார்த்தை 'ரேண்டம்', அதாவது குலுக்கி எடுத்தது. கண்ணில் பட்டவரைக் கேட்டது ரேண்டம் இல்லை. காலை பதினொரு மணிக்குத் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் நின்றால், அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்தான் கிடைப்பார். கிடைத்தவரைக் கேட்டேன் என்றே எழுதுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆய்வை வழிநடத்தும் கைடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸில் 384-ஐப் பார்த்ததும் கையெழுத்துப் போடாதீர்கள், பட்டியலைக் கேளுங்கள்.

பட்டியலே இல்லையா? சந்து சந்தாக நடந்து, இட்லி அவிக்கும் வீடுகளைக் குறித்து நீங்களே ஒன்று தயாரியுங்கள். அதிலிருந்து குலுக்கி எடுங்கள். மறுத்தவர், ஆளில்லாத வீடு, இரண்டையும் தனியாக எழுதுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதலில் நான் கேட்பது அதைத்தான். முடிந்தால் ஒரே பகுதிக்கு இரண்டு பேரைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்த மாதிரியோடு அனுப்புங்கள். ஒருவருக்கு ஒரு விடையும் மற்றவருக்கு வேறு விடையும் வந்தால் கேட்டவரிடமே கோளாறு இருக்கலாம். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அன்றைக்கு வங்காளத்தில் கையாண்ட வழி இது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இடம்பெற்றது. கம்ப்யூட்டர்கூட வேண்டாம், கொஞ்சம் நடக்க வேண்டும்.

அப்புறம் ஹைப்பாத்திசிஸ், அதாவது ஆய்வுக்கு முன்பே எழுதவேண்டிய உங்கள் ஊகம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் விடை வந்தபிறகு எழுதி, பழைய தேதி போட்டு முதல் அத்தியாயத்தில் செருகாதீர்கள். தயவுசெய்து. எந்த விடை வந்தால் 'நான் நினைத்தது தப்பு' என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த மாணவி கொஞ்சம் அழுதார், காபி குடித்தார், போனார். நேற்று அதிகாலை ஐந்தேகாலுக்கு அவருடைய நோட்டுப் பக்கம் ஒன்று போட்டோவாக வந்தது. ஒன்பது வீடு, மூன்று பதில். மீதி ஆறில் ஒன்றுக்கு எதிரே, "மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறார், பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார்" என்று எழுதியிருந்தது.