வெயில் சுட்ட இலைக்குத் தண்ணீர் மருந்தாகாது

நாற்றங்காலின் நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை வாங்கி வந்து, அன்றைக்கே மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். சில நாள்களில் மேல் இலைகள் வெளிறிச் சருகாகின்றன. தோட்டக்கலை ஆலோசகரான எனக்குச் சித்திரை, வைகாசியில் ஓயாமல் வரும் புகார் இது. நோய் என்று மருந்தடிக்கிறார்கள், சத்துக் குறைவு என்று உரமிடுகிறார்கள், தாகம் என்று வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இலையில் தொடங்கிய சேதம் கடைசியில் வேர் அழுகலில் போய் முடிகிறது.

ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இரண்டு இலைகளை விலக்கிப் பாருங்கள். மேல் இலை மறைத்த இடம் மட்டும், அதன் விளிம்பு பிசகாமல், கீழ் இலையில் பச்சையாக இருக்கும். பூஞ்சணம் இப்படி நிழல் பார்த்து நிற்காது. இது ஒளி சுட்ட புண்.

ஒளியைத் தாங்க இலைக்கு வழியே இல்லை என்பதல்ல. நண்பகலில் விழும் ஒளியில் பெரும்பகுதியை ஒளிச்சேர்க்கையால் செலவழிக்க முடிவதில்லை. மிஞ்சும் ஆற்றல் பச்சையத்தில் தங்கினால், தீங்கு செய்யும் ஆக்சிஜன் வகைகள் உருவாகித் திசுவைக் கெடுக்கும். அந்த நெருக்கடியைப் பசுங்கணிகம் (பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பு) தனக்குள் ஏறும் அமிலத்தன்மையால் அறிகிறது. உடனே வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சில நிமிடங்களில் ஸியாசாந்தினாக மாறத் தொடங்குகிறது. அதன் துணையால் மிகை ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. இன்னொரு பக்கம், நீல ஒளியை உணரும் போட்டோட்ரோபின் புரதங்கள் தூண்ட, பசுங்கணிகங்களே வெயில் படும் முகப்பை விட்டுச் செல்லின் பக்கச் சுவர்களில் ஒதுங்கிக்கொள்கின்றன. பசுங்கணிகங்கள் அப்படி ஒதுங்க முடியாத அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடிகள் கடும் ஒளியில் அதிகம் சேதமடைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். பசுங்கணிகங்கள் ஒதுங்குவது எனக்கு இன்றும் வியப்புத் தரும் காட்சி!

வெறும் கண்ணுக்குத் தெரியும் தற்காப்பும் உண்டு. தட்டைப்பயறு உச்சிவெயிலில் இலைகளைத் திருப்பி விளிம்பை மட்டும் சூரியனுக்குக் காட்டும். மண்ணில் ஈரம் குறைந்தால் இன்னும் கூடுதலாகத் திருப்பும். மாந்தளிரின் செம்புநிறம், பச்சையம் நிறையாத பருவத்தில் ஒளியைத் தணிக்கும் திரை.

பிறகு ஏன் நம் கன்று கருகுகிறது? நிழலில் உருவான இலை மெல்லியது. அதில் அந்த மஞ்சள் நிறமிகளின் இருப்பும் குறைவு. வெயிலுக்கேற்ற தடித்த இலையைச் செடி புதிதாகத்தான் விட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

ஆகவே முதலில் காலை வெயில் மட்டும் போதும். பத்து மணிக்குமேல் நிழல்வலை போடுங்கள். இரண்டு வாரங்களில் வெயில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நிலத்தில் நட்ட மாங்கன்றுக்கு மேற்கில் ஒரு தென்னை ஓலையை ஊன்றினாலே பிற்பகல் வெயில் தணியும். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர். பாதி கருகிய இலைகளைக் கிள்ள வேண்டாம். மிஞ்சிய பச்சை இன்னும் உணவு தயாரிக்கிறது, கீழ் இலைகளுக்கு நிழலும் தருகிறது. புதுத் தளிர்கள் முற்றித் தடித்த பிறகு வலையை எடுத்துவிடலாம்.