அப்சைக்கிளிங்: சுழற்சியா, புதுக்கமா?

பழைய சட்டையைப் பிரித்து, வெட்டி, வேறொரு உடையாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் அந்த வேலைக்கு இன்று மூன்று பெயர் சொல்கிறார்கள்: அப்சைக்கிளிங், த்ரிஃப்ட் ஃப்ளிப், ரீஃபேஷன். கேட்பதற்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறந்த இடம் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றும் சொல்ல வருவதும் கொஞ்சம் வேறு. இவற்றில் அப்சைக்கிளிங்கைத் தமிழில் 'மேம்சுழற்சி' என்றும் 'உயர்சுழற்சி' என்றும் எழுதுகிறார்கள். கத்தரியும் ஊசியுமாக இந்த வேலையைச் செய்கிற எனக்கு அந்தச் 'சுழற்சி' உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேறு சொல் வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

அப்சைக்கிளிங் துணியில் பிறந்த சொல்லே அல்ல, செங்கல்லில் பிறந்தது. இடித்த கட்டடங்களிலிருந்து கிடைக்கும் பழைய பொருள்களைப் பற்றி எழுதும் 'சால்வோ' என்ற பிரிட்டிஷ் இதழ், 1994 அக்டோபரில் ரைனர் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் பொறியாளர் பேசியதை வெளியிட்டது. நல்ல செங்கல்லையும் நொறுக்கித் தூளாக்கிவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்கிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். அதை அவர் 'டவுன்சைக்கிளிங்' என்றார், அதாவது பொருளைக் கீழே இறக்குவது. நமக்குத் தேவை அப்சைக்கிளிங், பழைய பொருளுக்கு மதிப்பு கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது என்றார். இந்தச் சொல்லின் தொடக்கமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது இந்தப் பேச்சுதான். 2002இல் கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டொனா, வேதியியலாளர் மைக்கேல் பிரௌன்கார்ட் இருவரும் எழுதிய 'கிரேடில் டு கிரேடில்' நூலுக்குப் பிறகு இந்தச் சொல் வடிவமைப்பாளர்களிடம் பரவியது. 2019இல் கேம்பிரிட்ஜ் அகராதி இதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

ஆக, 'சைக்கிள்' என்ற பகுதி மறுசுழற்சியைக் கண்டிக்க வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. 'அப்' என்பதுதான் சொல்லின் உயிர். தமிழாக்கத்தில் நாம் உயிரை முன்னொட்டாகச் சுருக்கிவிட்டு, ஒட்டிக்கொண்டதைப் பெயராக்கிவிட்டோம்.

துணியை உண்மையிலேயே மறுசுழற்சி செய்தால் என்ன ஆகும்? இயந்திரம் அதைக் கிழித்து மறுபடி நாராக்கும். கிழிபடும்போது நார் குட்டையாகிவிடும். குட்டை நாரில் நூற்ற நூலுக்கு வலு இருக்காது, அதனால் புது நாரைக் கலந்தாக வேண்டும். இல்லையென்றால் அது திணிபஞ்சாகத்தான் போகும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி என்றால் இரண்டையும் பிரிப்பதே பெரும்பாடு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள பேட்லி என்ற ஊரில் 1813இல் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தத் துணிக்குப் பெயர் 'ஷாடி'. இன்று ஆங்கிலத்தில் ஷாடி என்றால் மட்டமானது, ஒப்பேற்றியது என்று பொருள். துணியோடு சேர்ந்து அதன் பெயரும் தரம் இறங்கிய கதை இது. பில்ட்ஸ் சொன்ன டவுன்சைக்கிளிங்குக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நாம் செய்வது இதுவா? போன மாதம் ஒரு சட்டையைப் பிரித்தேன். ஆண்கள் சட்டை, பெரிய அளவு, வெளிர்நீலப் பருத்தி. யாரோ பல வருடம் போட்டுக் கழித்தது. முழங்கை தேய்ந்து, எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. காலர் மடியும் இடத்தில் நூல் நைந்து வெள்ளை வெள்ளையாக நின்றது. கையை முழங்கைக்கு மேலே வெட்டினேன். வெட்டி எடுத்த துண்டில் தேயாத பகுதியிலிருந்து இரண்டு முக்கோணம் எடுத்து, இரு பக்கத் தையலையும் இடுப்புவரை பிரித்து அதில் வைத்துத் தைத்தேன். இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்கும் டாப்ஸ் ஆகிவிட்டது. அப்புறம் மார்புப் பாக்கெட். அது வேண்டாம் என்று தையலைப் பிரித்து எடுத்தால், அடியில் அந்தத் துணி கடைக்கு வந்த நாளின் நீலம் அப்படியே இருக்கிறது. வெயிலும் சலவையும் தொடாத, பாக்கெட் வடிவத்தில் ஒரு கருநீலக் கட்டம். சுற்றிலும் பழைய ஊசித் துளைகள் வரிசையாக. அந்தத் துளைகளின் வழியாகவே வெள்ளை நூலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு அதை அப்படியே விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இதில் எதுவும் சுழலவில்லை. துணி நாராகவில்லை, கூழாகவில்லை, தொடங்கிய இடத்துக்குப் போகவில்லை. அதே துணிதான், அதன் வயசும் தழும்பும் அதிலேயே இருக்கின்றன. சுழற்சி என்ற சொல் வேறொரு வேலைக்குரியது, அதை அந்த வேலைக்கே விட்டுவிடுவது நல்லது.

சரி, மற்ற இரண்டு சொற்கள். 'த்ரிஃப்ட்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'த்ரைவ்', அதாவது செழித்தல் என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. முதலில் அதற்குச் செழிப்பு, நல்ல நிலை என்றே பொருள். செழிப்புக்கு வழி கையைப் பார்த்துச் செலவழிப்பது என்பதால் பின்னால் சிக்கனம் என்ற பொருள் வந்து நிலைத்தது. பிறர் கொடுத்த பழைய துணியை விற்கும் கடைக்கு அமெரிக்காவில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'செகண்ட் ஹேண்ட்' என்பதை எல்லாரும் இரண்டாம் தரம் என்பதுபோல உச்சரிக்கிறோம். தமிழில் 'கைமாறிய துணி' என்றால் அந்த இழிவு ஒட்டாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தது, அவ்வளவுதானே.

'ஃப்ளிப்' என்றால் புரட்டுவது. மலிவாக வாங்கி, கொஞ்சம் சரிசெய்து, லாபத்துக்குக் கைமாற்றும் வியாபாரத்துக்கும் இதே பெயர்தான். த்ரிஃப்ட் ஃப்ளிப் செய்கிறவர்களில் பலர் விற்பதற்காகச் செய்வதில்லை, தாங்கள் போட்டுக்கொள்ளத்தான். ஆனாலும் சொல்லில் வியாபார வாடை இருக்கிறது. சுவையான செய்தி என்னவென்றால், தையலில் புரட்டுவது என்ற வேலை நிஜமாகவே உண்டு. காலர் நைந்த சட்டையில், காலர் கழுத்துப்பட்டியோடு சேரும் தையலை மட்டும் பிரித்து, காலரை உருவி, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, அதே வாயில் செருகித் தைத்துவிடுவார்கள். நைந்த பக்கம் மடிப்புக்கு அடியில் மறைந்துவிடும். முன்பு ஐரோப்பியத் தையல்காரர்கள் கோட்டு முழுவதையும் பிரித்து, வெளுக்காத உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது அன்றைய ஃப்ளிப்.

'ரீஃபேஷன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேஷனின் லத்தீன் வேர் செய்தல் என்பது. ஆக, மறுபடி செய்தல். மூன்றில் நேர்மையான சொல் இதுதான்.

தமிழில் பழைய துணியைத் தைத்து உடுத்துவதற்குச் சொல் இல்லாமல் இல்லை. 'துன்னம்' என்றால் தையல். தையல்காரரைச் சிலப்பதிகாரம் 'துன்னகாரர்' என்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வந்த பொருநன் உடுத்தியிருந்ததை 'வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்' என்று படிக்கிறோம். சிதாஅர் என்பது கந்தல். அதில் நுழைந்திருக்கிற 'வேற்றிழை'யைக் கவனியுங்கள். துணியின் சொந்த நூல் அல்லாத வேறு நூல், கிழிந்த இடத்தையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் நூல். ஒட்டுப்போட்ட துணியை இத்தனை பக்கத்தில் போய்ப் பார்த்த வரி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அந்தப் பாட்டில் துன்னல் வறுமையின் அடையாளம். மன்னன் அதைக் களையச் செய்து, பாம்பின் தோலைப் போன்ற நுண்ணிய பூவேலை உடையைக் கொடுக்கிறான். அதனால் அப்சைக்கிளிங்குக்கு அது பொருந்தாது. கிழிசலை மறைக்காமல், தைத்த நூலே அழகாகத் தெரியும்படி தைக்கிறார்களே, அதற்குத் 'துன்னல்' அருமையாகப் பொருந்தும். ஜப்பானியர்களின் சஷிகோ தையலை வைத்து இன்று பலர் செய்வது அதைத்தான்.

'கந்தை'க்கும் ஒரு கதை உண்டு. வடமொழிக் 'கந்தா'விலிருந்து வந்த சொல். அதே சொல் வங்காளத்தில் 'காந்தா' ஆகி, பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் அழகான விரிப்புக்குப் பெயராயிற்று. தமிழில் அது கந்தலாகவே நின்றுவிட்டது.

நான் பயன்படுத்தும் சொல் 'புதுக்கு'. புது என்பதிலிருந்து வந்த வினை, புதிதாகச் செய்தல் என்று பொருள். கோயிலின் பழுது பார்க்க விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'புதுக்குப்புறம்' என்கின்றன. அங்கே புதுக்குவது என்றால் இடித்துவிட்டு வேறு கட்டுவது அல்ல. இருப்பதைக் கையிலெடுத்து, அதிலேயே வேலை செய்து, புதிதாக்குவது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே அதில் இருக்கிறது. 'புதுப்பித்தல்' ஏன் கூடாது என்று கேட்கலாம். உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம். இருந்தது இருந்தபடியே தொடரட்டும் என்பதற்கு அந்தச் சொல் பழகிவிட்டது. புதுக்குவதில் கைவேலை இருக்கிறது. எனவே பொதுவாக அப்சைக்கிளிங்குக்குப் 'புதுக்கம்', துணியில் செய்யும்போது 'புதுக்குத் தையல்' என்று எழுதி வருகிறேன். மர மேசைக்கும் பாட்டிலுக்கும்கூடப் புதுக்கம் என்பது சரியாகவே வருகிறது.

எது புதுக்குத் தையல், எது இல்லை என்பதிலும் தெளிவு வேண்டும். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் ஆல்டரேஷன்தான், உடை அதே உடை. ஓட்டையை அடைப்பது பழுது பார்ப்பது. இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பிறகும், 1941 ஜூன் முதல் 1949 வரை, பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்தது. இருப்பதை வைத்துச் சமாளியுங்கள், கிழிந்ததைத் தையுங்கள் என்று அரசே கையேடு போட்டது. ஆண்களின் சூட்டைப் பெண்களின் உடையாக மாற்றித் தைத்தவர்கள் செய்தது முழுமையான புதுக்கம், ஆனால் அன்று அது கட்டாயத்தால் வந்தது. இன்று விரும்பிச் செய்கிறோம். அதனால் 'அப்' என்ற பகுதிக்கு நாம்தான் பொறுப்பு. 1991இல் பெல்ஜிய உடை வடிவமைப்பாளர் மார்ட்டின் மார்ஜியெலா ராணுவக் காலுறைகளைப் பிரித்து ஸ்வெட்டர் செய்தார். காலுறையின் குதிகால் புடைப்பை வீணாக்காமல் மார்புக்கும் முழங்கைக்கும் வரும்படி வைத்தார். பழைய வடிவம் புதிய வடிவத்துக்கு வேலை செய்கிறது, மதிப்பு கூடுகிறது. நன்றாக இருக்கிற பெரிய அளவு உடையை வாங்கி, ஒருமுறை படம் எடுப்பதற்காகக் குட்டையாக வெட்டி, ஓரம்கூட அடிக்காமல் மூலையில் போட்டால் மதிப்பு கூடவில்லை. பெரிய அளவு தேவைப்படுகிறவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய துணியும் போயிற்று. அதை ஃப்ளிப் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், புதுக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

குறைந்த செலவில் செய்வதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கியதுதான். புதுத் துணி, புது ஜிப், புது லேஸ் என்று வாங்கிக் குவித்தால் புதுக்குவதற்கு என்ன மிச்சம்? பழைய ஜீன்ஸின் ஜிப், வேண்டாத சட்டையின் பட்டன், வெட்டிய கையின் துண்டு, இவையே பெரும்பாலும் போதும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்து உலர்த்திவிடுங்கள், சுருங்குகிற துணி தைத்த பிறகு சுருங்கினால் உழைப்பு வீண். டி-ஷர்ட் போல இழுபடும் துணி என்றால் நேர்த்தையல் போடாதீர்கள், இழுத்ததும் நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் போடுங்கள்.

வழக்கில் எப்படி வரும் என்றால்: 'இந்தச் சட்டையைப் புதுக்கினேன்', 'புதுக்கிய ஜீன்ஸ்', 'கைமாறிய துணியில் புதுக்குத் தையல்', 'புதுக்கத்துக்கு எடுத்து வைத்த துணி'. பேச்சில் இன்னும் எளிது. அந்த நீல டாப்ஸைப் பார்த்து ஒரு தோழி 'புதுசா?' என்று கேட்டாள். 'புதுக்கினது' என்றேன். விளக்கம் எதுவும் கேட்காமல் பாக்கெட் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.