தேவதாருப் பெட்டி: வைப்பதற்கு முன் கழற்ற வேண்டியது

பழைய தேவதாருப் பெட்டி எதுவும் பட்டறைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பூட்டைத்தான், மரத்தை அப்புறம்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி, பாட்டி காலத்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளும் புறமும் பளபளவென்று வார்னிஷ் அடித்துத் தரச் சொன்னார்கள். "உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "பையனோட பொம்மைங்க" என்றார் அந்த அம்மா.

மூடியைத் தூக்கி அப்படியே விட்டேன். 'டக்' என்று தானாகப் பூட்டிக்கொண்டது. வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் அது திறக்கும். உள்ளே இருப்பவர் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது.

அமெரிக்காவின் லேன் நிறுவனம் 1912 முதல் 1987 வரை செய்த பெட்டிகளில் இந்த மாதிரிப் பூட்டு இருந்தது. ஒளிந்து விளையாட உள்ளே இறங்கிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தார்கள். 1996-இல் ஏறத்தாழ 1.2 கோடி பெட்டிகளுக்குப் பூட்டை மாற்றித் தருவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் இவை ஒரே வீட்டில் கிடக்கும் பொருட்கள் அல்ல. பாட்டியிடமிருந்து பேத்திக்கு, அங்கிருந்து பழைய சாமான் விற்பவரிடம் என்று கைமாறிக்கொண்டே இருக்கும். அறிவிப்பும் கூடவே போகுமா என்ன? வேறு நிறுவனத்தின் பெட்டி, உள்ளூர் ஆசாரி செய்த பெட்டி என்றாலும் மூடியை ஒருமுறை விட்டுப் பாருங்கள். தானாகப் பூட்டினால் திருகுகளைக் கழற்றிப் பூட்டை எடுத்துவிடுங்கள். மூடியில் ஒரு பாதி, பெட்டியில் ஒரு பாதி என்று இரண்டு துண்டாக இருக்கும். பத்து நிமிட வேலை. மூடியின் கனமே அதை மூடிவைக்கப் போதும்.

வாசனை வெளியே போகாமலிருக்க இந்தப் பெட்டியை இடைவெளியின்றி இழைத்துப் பொருத்துகிறோம். வாசனை போகாத இடத்தில் காற்றும் வராது. பொம்மைக்கு வேறு பெட்டி பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். மூடி கனமானது, குனிந்து தேடும் குழந்தையின் கழுத்தில் விழும் என்பது இன்னொரு காரணம். பெரியவர்கள் பயன்படுத்தும் பெட்டிக்குக்கூட, தூக்கிய மூடியை நிறுத்திவைக்கும் தாங்கி ஒன்று பொருத்திக்கொள்வது நல்லது.

சரி, பிறகு எதற்கு இந்தப் பெட்டி? கம்பளிக்கு. ஸ்வெட்டர், கம்பளிப் போர்வை, சால்வை, பருவம் முடிந்ததும் மடித்துவைக்கும் மெத்தைவிரிப்பு, விருந்தினர் வந்தால் மட்டும் எடுக்கும் ரஜாய் எல்லாம் இதில் சுகமாக இருக்கும். கட்டிலின் கால்மாட்டில் போட்டால் உட்கார்ந்து காலுறை மாட்ட ஒரு பெஞ்சாகவும் ஆகிவிடும்.

ஆனால் உள்ளே வைத்துவிட்டால் பூச்சியே வராது என்று நம்பிவிடாதீர்கள். இந்தப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது சிவப்பு சீடர் (red cedar, சிவப்புத் தேவதாரு) என்னும் மரம். பெயரில் சீடர் என்றாலும் தாவரவியலில் அது ஜூனிபர் இனம். அதன் எண்ணெய் அந்துப்பூச்சியின் சின்னஞ்சிறு புழுக்களைக் கொல்லும். முட்டையையும் வளர்ந்த புழுவையும் ஒன்றும் செய்யாது. முட்டையோடு உள்ளே போகும் ஸ்வெட்டர் முட்டையோடுதான் இருக்கும். துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்துத்தான் அடுக்க வேண்டும். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தைத்தான் புழு முதலில் அரிக்கும். துவைக்க முடியாத கம்பளியைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுங்கள்.

வாசனை போய்விட்டது என்று பலர் அந்துருண்டையைப் போடுகிறார்கள். அந்த நாற்றம் மரத்தில் ஊறிவிட்டால் எடுப்பது மகா கஷ்டம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் படிந்த துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்துவது ஆபத்தும்கூட. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வாசனை திரும்ப வேண்டுமென்றால் நைசான உப்புத்தாளால் உட்புறத்தை லேசாகத் தேய்த்தாலே போதும். மேலே காய்ந்துபோன மரம் உதிர்ந்து, அடியில் இருக்கும் எண்ணெய் வெளிப்படும். முகக்கவசம் போட்டுக்கொண்டு தேயுங்கள், அந்தத் தூள் நெஞ்சை அடைக்கும். உள்ளே வார்னிஷ் அடித்தால் அந்த எண்ணெயின் வழியையே அடைத்துவிட்டதாக ஆகும். அப்புறம் அது சாதாரணப் பெட்டிதான்.

பூச்சியை விரட்டும் அதே எண்ணெயும் மரத்தின் அமிலமும் சேர்ந்து துணியைப் பழுப்பாக்கும். வெள்ளைத் துணி மரத்தைத் தொட்டபடி சில வருடங்கள் கிடந்தால், மடிப்பின் ஓரமாக மஞ்சள் கோடு விழுந்திருக்கும். வருகிற பெட்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். துவைத்த, சாயமில்லாத பருத்தித் துணியை உள்ளே விரித்துவிட்டு அடுக்குங்கள். அமிலமற்ற காகிதமும் பரவாயில்லை. ஆனால் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள். வாசனை எட்டாது, ஈரம் மட்டும் உள்ளே தங்கும்.

புகைப்படம், பழைய கடிதம், பத்திரம் எதுவும் இதில் வேண்டாம். சில பிளாஸ்டிக் சாமான்கள் எண்ணெய் ஆவியில் பிசுபிசுத்துவிடும்.

பெட்டியை ஈரச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். வெயில் நேராக விழும் ஜன்னலடியும் வேண்டாம், பலகை வெடிக்கும். வருடத்தில் இரண்டு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்துவையுங்கள். புழு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அந்தத் தம்பதிக்கு வெளிப்புறம் மட்டும் வார்னிஷ் அடித்தேன். உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், மூடிக்குத் தாங்கி போட்டேன். கழற்றிய பூட்டைக் கையில் கொடுத்தபோது, "பாட்டி ஞாபகமா வச்சுக்கலாம்" என்று அந்த அம்மா அதைப் பையில் போட்டுக்கொண்டார். பொம்மைகள் இப்போது ஒரு மூங்கில் கூடையில் இருக்கின்றனவாம்.