நதிமூலம் – ஆற்றுத்தலை

ஓர் ஆறு தொடங்கும் இடம் நதிமூலம். நதி, மூலம் இரண்டும் வடசொற்கள். மூலம் என்றால் வேர். 'நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது' என்ற பழமொழியால் சொல் நிலைத்துவிட்டது.

இதைத் தமிழாக்கப் பலர் 'ஊற்று' என்று எழுதுகிறார்கள். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு அது பொருந்தாது. 'ஊறு' என்ற வினையில் பிறந்தது ஊற்று: நிலத்துக்குள்ளிருந்து கசிந்து வருவது. ஆவணியில் ஆறு வற்றியதும் மணலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டுவார்கள். முதலில் சுரக்கும் கலங்கலை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, நீர் தெளிந்த பிறகு சிரட்டையால் மொள்ளுவார்கள். அதுதான் இங்கே ஊற்று. வவுனியாவின் வடக்கில் தொடங்கி, இரணைமடுக் குளத்தை நிறைத்து, சுண்டிக்குளம் களப்பில் (கடலோர உப்புநீர்ப் பரப்பில்) விழும் கனகராயன் ஆற்றை உண்டாக்குவதோ மாரிமழை. காட்டு ஓடைகளும் சிறுகுளங்கள் நிரம்பி வான்பாய்ந்து வரும் நீரும் சேர்ந்துதான் அது ஆறாகிறது.

ஆகவே 'ஆற்றுத்தலை' என்பதே சரி. தலைக்காவிரி, தலைமடை, தலைவாய்க்கால் என்று தமிழில் ஏற்கெனவே பழகிய அமைப்பு இது. ஊற்றிலேயே தொடங்கும் ஆற்றுக்கு மட்டும் 'தலையூற்று' எனலாம். மழைநீர் வடிந்து சேரும் நிலம் முழுவதும் நீரேந்துபரப்பு. அதைத் தலையோடு குழப்பக்கூடாது.

எது தலை என்பதில் வழக்கு வருவது அளவுகோல் மாறுவதால்தான். 1858இல் விக்டோரியா ஏரியைக் கண்ட ஆங்கிலேய நாடாய்வாளர் ஸ்பீக், நைலின் தலை அதுவே என்றார். கூடப் பயணித்த பேர்ட்டன் ஏற்கவில்லை. அந்த ஏரிக்குள்ளேயே ககேரா ஆறு வந்து விழுகிறது. நீளத்தைப் பார்த்து அதன் கிளைகளில் மேலேறினால், ருவண்டாவின் நியுங்வே காடா, புருண்டியின் ருவியிரொன்சாவா என்று வழக்கு மறுபடி பிரிகிறது. நீரின் அளவைப் பார்த்தால் தலை எத்தியோப்பியாவுக்குப் போய்விடும்; வெள்ளத்தில் பெரும்பங்கு நீல நைலுடையது.

பெயரை அளவுகோலாக்குவதுதான் மிகவும் பிழை. மன்னார்ப் பக்கத்து அருவியாறுதான் அனுராதபுரத்தில், சிங்களத்தில், மல்வத்து ஓயா. பெயரைப் பிடித்துக்கொண்டு மேலேறினால், மொழி மாறும் இடத்தில் ஆற்றுத்தலை என்று எழுத நேரும்.

வரைபடத்தில் தேடுபவர் ஒவ்வொரு கூடலிலும் இரு கிளைகளையும் வளைவோடு ஒட்டி நூலால் அளந்து, நீண்டதில் ஏறவேண்டும். இரண்டையும் ஒரே அளவுத்திட்டப் படத்தில் அளக்காவிட்டால் கணக்குப் பிசகும். குளக்கட்டோடு நின்றுவிடவும் கூடாது. குளத்துக்கு அப்பால், கட்டுக்கு எதிர்ப்புறக் கரையான அலைகரையில் வந்து சேரும் விட்டுவிட்டு வரைந்த கோடுகளும் ஆறுதான். மாரியில் மட்டும் ஓடுவதால் அப்படிக் குறித்திருக்கிறார்கள்.