மலைக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் சாரல்

ஜூன், ஜூலையில் கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். லோயர் கேம்ப் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கினால் சாரல், குடை இல்லாமல் நடக்க முடியாது. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவில் இதே கதை இன்னும் வேகமாக நடக்கிறது. தெற்குக் கரையில் ரிபெய்ரா பிராவா என்ற ஊரில் நல்ல வெயில். அங்கிருந்து வடக்கே போகும் சாலை, மலைக்கு அடியில் சுமார் 3 கி.மீ. நீளமுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. மறுமுனையில் வெளியே வந்ததும் டிரைவர் வைப்பரைப் போடுகிறார்.

தீவு பெரியதல்ல. 740 சதுர கி.மீ., அதாவது மதுரை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நடுவில் மலை 1,862 மீட்டர் எழுகிறது; கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கடலுக்கு அடியிலும் ஏறக்குறைய 4 கி.மீ. இறங்குகிறது. எல்லாமே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து எழுந்தது. கடைசியாக வெடித்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆகின்றன.

அட்சரேகைப்படி பார்த்தால் நம் பஞ்சாபின் வடகோடிக்கு நேர் மேற்கே இருக்கிறது. பஞ்சாபில் கோடையில் 45 டிகிரி சாதாரணம். மடெய்ராவின் தலைநகர் ஃபுன்ஷாலிலோ ஜனவரியில் சராசரி 16, 17 டிகிரி, ஆகஸ்டில் 23 டிகிரி அளவு. வருஷம் முழுக்க ஒரே சட்டை போதும். காரணம் கடல். மண்ணைவிடத் தண்ணீர் சூடேற அதிக வெப்பம் வேண்டும். அலை கலக்கிவிடுவதால் அந்த வெப்பமும் ஆழத்துக்குப் பரவிவிடும். அதோடு வடக்கிலிருந்து ஒரு குளிர் நீரோட்டம் வேறு வருகிறது. சுற்றியுள்ள கடல் 18 டிகிரிக்கும் 23 டிகிரிக்கும் நடுவிலேயே இருக்க, அதன்மேல் வரும் காற்றும் அப்படியே இருக்கிறது.

சரி, ஒரே கடல், ஒரே காற்று. அப்புறம் ஏன் வடக்கே மழை, தெற்கே வெயில்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வடகிழக்கிலிருந்து வரும் காற்று கடல் மட்டத்தில் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மலை அதை மேலே தள்ளுகிறது. ஏற ஏறக் காற்று விரிந்து குளிரும், 100 மீட்டருக்கு 1 டிகிரி. 600 மீட்டரில் 14 டிகிரி. இங்கே ஈரம் மேகமாகத் திரளத் தொடங்குகிறது. திரளும்போது நீராவி தன்னிடமுள்ள வெப்பத்தைக் காற்றுக்கே கொடுத்துவிடுவதால் குளிரும் வேகம் 100 மீட்டருக்கு 0.6 டிகிரியாகக் குறைகிறது. 1,800 மீட்டரில் சுமார் 7 டிகிரி. அதற்குள் ஈரம் மழையாகக் கொட்டித் தீர்ந்துவிட்டது. மறுபக்கம் இறங்கும் காற்று காய்ந்த காற்று. 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் முழுதாகச் சூடேறி, கீழே வரும்போது 25 டிகிரி. கிளம்பியதைவிட 5 டிகிரி அதிகம், ஈரமோ குறைவு. இது ஏட்டுக் கணக்கு. காற்றில் ஒரு பகுதி மலையேறாமல் தீவைச் சுற்றிக்கொண்டும் போய்விடும். ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் இருப்பதற்கும் ஃபுன்ஷாலின் வெயிலுக்கும் காரணம் ஒன்றுதான்.

வடக்குச் சரிவில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் சேர்கிறது. அங்கே லாரல் என்ற பசுமை மாறாத மரங்களின் காடு இருக்கிறது. அதற்குள் மூடுபனி நுழைந்தால் தடித்த இலைகளில் துளித்துளியாகப் படிந்து பாசியில் சொட்டுகிறது. மரத்தடியில் நின்றால் சட்டை நனையும். காட்டுக்கு வெளியே தரை காய்ந்து கிடக்கும். 1999-இல் யுனெஸ்கோ இந்தக் காட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காக மட்டும் காப்பாற்ற வேண்டிய காடு இல்லை, தீவின் தண்ணீரில் ஒரு பங்கு இதன் உபயம்.

அந்தத் தண்ணீர் எங்கே தங்குகிறது? சாலை ஓரம் மலையை வெட்டிய இடங்களில் கறுப்புப் பாறைக்கு நடுவே செக்கச்செவேல் என்று ஒரு பட்டை ஓடும். இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் உருவான மண் அது. மேலே குழம்பு வந்து மூடியதில் சூளைச் செங்கல் போல வெந்துவிட்டது. கறுப்புப் பாறையின் விரிசல்களில் இறங்கும் மழைநீர் இந்தச் செம்பட்டையில் வந்து நிற்கும். பள்ளத்தாக்கு அந்தப் பட்டையை அறுக்கும் இடத்தில் ஊற்றாகக் கொட்டும். அதற்குக் கீழேதான் லெவாடா என்ற வாய்க்காலைத் தொடங்குகிறார்கள். பல இடங்களில் அகலம் கொஞ்சம்தான். வாட்டம் கண்ணுக்கே தெரியாதபடி மலை விளிம்பை ஒட்டி வளைந்து, சில இடங்களில் பாறையைக் குடைந்து, வடக்குத் தண்ணீரைத் தெற்குச் சரிவின் வாழைக்கும் கரும்புக்கும் கொண்டுவருகிறது. 57 கி.மீ. நீளத் தீவில் இப்படி 2,000 கி.மீ.க்கு மேல் வாய்க்கால். தொடங்கியது 15-ஆம் நூற்றாண்டில், கரும்புக்காக.

கூட வந்த மச்சான் சின்னமனூரில் வாழை போடுகிறவர். ஒரு வயல் ஓரம் வாய்க்காலை அடைத்திருந்த பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள, இங்கயும் முறைத் தண்ணிதானா?" என்றார். முறைதான். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று பார்த்துத் திறந்துவிட லெவடெய்ரோ என்று ஓர் ஆள் உண்டு. நம் ஊர் நீர்பாய்ச்சி செய்யும் வேலை.

மழைப் பக்கத்துத் தண்ணீரை மலையைக் குடைந்து காய்ந்த பக்கத்துக்குக் கொண்டுவருவது நமக்கும் புதிதல்ல. பென்னிகுயிக் முல்லைப் பெரியாற்றில் 1895-இல் முடித்த வேலை அதுதான். ஆனால் அவருக்கு அணை வேண்டியிருந்தது. நம் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழசு, யானைமலை மாதிரி இறுகியது. விரிசலில் தங்கும் கொஞ்சத்தைத் தவிர உள்ளே தண்ணீர் நிற்காது. அதனால் அணையும் கண்மாயும் கட்டி மேலேயே தேக்க வேண்டும். மடெய்ராவில் மலையே தேக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்லக் கசியவிடுகிறது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. பாறை உறிஞ்சுவதைவிட வேகமாக மழை கொட்டினால், அந்தச் செங்குத்துச் சரிவில் வெள்ளம் கடலை எட்ட அதிக நேரம் ஆகாது. 2010 பிப்ரவரி 20 அன்று கல்லும் சேறுமாக ஃபுன்ஷாலுக்குள் இறங்கிய வெள்ளத்தில் தீவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்துக்குள் வரும் ஓடைகளுக்கு இரு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிச் சுவர் கட்டியிருப்பது அந்த மாதிரி நாளுக்காகத்தான்.