ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, உளைச்சலா?

அத்தையின் ஆள்காட்டி விரலில் அரிவாள்மனை கீறிய காயம் மூன்று வாரமாகியும் மூடவில்லை. சர்க்கரையாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம், இல்லை. மாமா பக்கவாதத்தில் படுத்து அப்போது மூன்றாவது வருடம். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அத்தைதான். டாக்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "ஸ்ட்ரெஸ் ரொம்ப இருக்காம்மா?" என்றார்.

"எனக்கென்ன ஸ்ட்ரெஸ் டாக்டர், நான் என்ன ஆபீசுக்கா போறேன்?"

அவர் தமிழுக்கு மாறினார். "சரி, மன அழுத்தம்?" அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு." ஆட்டோவில் திரும்பும்போது தானாகவே சொன்னார்: "ராத்திரி ஆனா கை காலெல்லாம் ஒரே உளைச்சல்ப்பா. மனசும் சேந்து உளையுது."

டாக்டர் கேட்டதற்குப் பதில் அதுதான். கேட்ட சொல்தான் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லின் வழியைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ரெஸ் ஆங்கிலத்துக்கு வந்தது 14ஆம் நூற்றாண்டு வாக்கில். துன்பம் என்று பொருள்படும் 'டிஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் தலையை வெட்டியதால் பிறந்தது என்பார்கள். இறுக்கம், ஒடுக்கம் என்று பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லும் அதில் கலந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'ஸ்ட்ரிங்கெரே' என்ற லத்தீன் வினை. இறுக்கிக் கட்டுதல் என்று அதற்கு அர்த்தம். நமக்கும் இது புதிதில்லை. துன்பத்துக்கு நம்மிடம் உள்ள பழைய சொற்களில் ஒன்று இடுக்கண். இடுங்கிய கண் என்று அதைப் பிரிப்பார்கள். கஷ்டத்தில் கண் ஒடுங்கிப்போவது. லத்தீன்காரன் கயிற்றைப் பார்த்தான், தமிழன் முகத்தைப் பார்த்தான்; இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒடுக்கம்தான்.

அப்புறம் இந்தச் சொல் இரும்புப் பட்டறைக்குள் போனது. 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள், பாலத்தின் தூணிலும் கொதிகலனின் தகட்டிலும் சுமை ஏறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கணக்குப் போட இதை எடுத்துக்கொண்டார்கள். பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 'ஸ்ட்ரெஸ்' தகைவு, 'ஸ்ட்ரெய்ன்' திரிபு. கம்பியை இழுக்கும்போது அதற்குள் எழும் எதிர்ப்பு தகைவு. அதனால் வடிவத்தில் உண்டாகும் மாற்றம் திரிபு. தகைதல் என்றால் தடுத்தல். வெளியிலிருந்து இழுக்கிற விசைக்கு இது பெயரில்லை, உள்ளிருந்து எழும் தடைக்குப் பெயர். யார் ஆக்கிய சொல்லோ, கை எடுத்துக் கும்பிடலாம். அதே பாடப்புத்தகத்தில் அழுத்தம் என்பது 'பிரஷர்'. ஆக, இயற்பியல் வாத்தியார் பிரித்து வைத்த இரண்டை மருத்துவப் பக்கத்தில் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறோம்.

பட்டறையிலிருந்து உடம்புக்குச் சொல்லைக் கொண்டுவந்த பெருமை பெரும்பாலும் ஹான்ஸ் செல்யேவுக்குப் போகும். 1907இல் வியன்னாவில் பிறந்தவர், கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்த்தவர். புதிதாக ஒரு ஹார்மோன் கிடைக்குமா என்று எலிகளுக்கு விலங்கு உறுப்புச் சாறு ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் ஃபார்மலின் என்ற ரசாயனத்தை ஏற்றினாலும், குளிரில் விட்டாலும், ஓயாமல் ஓடவிட்டாலும் அதே மூன்று மாற்றங்கள். எது வந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்று 1936இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் சின்னக் குறிப்பு ஒன்று எழுதினார். அந்தக் குறிப்பில் ஸ்ட்ரெஸ் என்ற சொல் இல்லை, பின்னால்தான் வந்தது. வந்ததும் ஒரு தவறோடு வந்தது. பட்டறைக் கணக்குப்படி பார்த்தால் எலியின் உடம்பில் அவர் கண்டது திரிபு. தாய்மொழி ஆங்கிலமாக இல்லாததால் அப்போது வித்தியாசம் பிடிபடவில்லை, தெரிந்திருந்தால் வேறு சொல் போட்டிருப்பேன் என்கிற மாதிரி அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் மனம் எங்கே வருகிறது? லத்தீனில் இல்லை. இரும்பில் இல்லை. எலியில் அவர் அளந்தது சுரப்பியையும் குடலையும். அப்படியென்றால் 'மன' எப்படி ஒட்டிக்கொண்டது?

என் ஊகம் இது. ஆங்கிலத்தின் 'டிப்ரெஷன்' லத்தீனில் 'கீழே அழுத்துதல்'. அதை அப்படியே தமிழாக்கினால் மன அழுத்தம்தான் வரும். ஸ்ட்ரெஸுக்கும் அதையே போட்டார்கள். இன்றைக்குப் பத்திரிகையில் 'மன அழுத்தத்தில் இருந்தார்' என்று படித்தால், அவருக்கு வேலைச் சுமையா, மருத்துவம் தேவைப்படும் நோயா என்று சொல்லவே முடியாது. (அதே டிப்ரெஷன் வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஒரே சொல் மனசுக்கு வந்தால் அழுத்தம், வங்கக் கடலுக்கு வந்தால் அழுத்தத் தாழ்வு!) டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை அதற்கே விட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

'மன' என்ற ஒட்டு செய்யும் பெரிய கெடுதல், கேட்பவர் இதை மனசு சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவது. அத்தை ஒதுக்கிய மாதிரி. நடப்பது முழுக்க உடம்பில். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் மணி அடிக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. நிமிடக் கணக்கில் கார்ட்டிசோல் பின்னால் வருகிறது. கல்லீரலைச் சர்க்கரை செய்து ரத்தத்தில் விடச் சொல்கிறது, நோய் எதிர்ப்பு வேலையைக் கொஞ்சம் ஒத்திப்போடச் சொல்கிறது. நாய் துரத்தும்போது இதெல்லாம் சரி. நாய் போனதும் அடங்கிவிடும்.

நாய் போகவில்லை என்றால்? வீசிங்குக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களைக் கேளுங்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், சின்னக் கிருமியும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாத்திரை கார்ட்டிசோலின் சித்தப்பா பிள்ளை. உடம்பு தானே சுரப்பது அந்த அளவுக்கு வராதுதான், ஆனால் நாள் கணக்கில் இறங்காமல் நின்றால் தள்ளும் திசை அதுவே. ரத்த அழுத்தம், இதயம், தூக்கம், சர்க்கரை எல்லாம் அதில் மாட்டுகின்றன.

அத்தையின் விரலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் சின்னதாகத் தோலை எடுத்து, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்கு சராசரியாக 39.3 நாள். பார்த்துக்கொள்பவர்களுக்கு 48.7. ஒன்பது நாள் வித்தியாசம். அத்தையின் காயத்துக்கும் இதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பாத்திரம் தேய்க்கிற கையில் காயம் ஆறாமல் போக வேறு வழியும் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் யாரும் 'மனசுதான் சரியில்லை' என்று கற்பனை செய்து தோலைத் தாமதமாக மூட வைக்கவில்லை.

சளிக்கும் இப்படி ஒன்று உண்டு. உளவியலாளர் ஷெல்டன் கோஹென் 1991இல் வெளியிட்டது. 394 பேர் மூக்கில் வைரஸ் சொட்டு விட்டார்கள். நெருக்கடி குறைந்தவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது, மிகுந்தவர்களில் சுமார் 47.

எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டுவதும் தப்பு. செல்யேயின் எலிக்கு வயிற்றுப் புண் வந்தது என்று மனிதர்களின் அல்சருக்கும் பல பத்தாண்டுகள் 'டென்ஷன் சார், டென்ஷன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரும்பாலான அல்சருக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இலங்கையில் உளநலத் துறையினர் உளநெருக்கீடு என்கிறார்கள். நெருக்கு என்ற வேர் லத்தீன் இறுக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளமும் கூடவே வந்துவிடுகிறது. இறுக்கம் என்று போட்டால் மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம், ஞாபகம் வரும்.

என் ஓட்டு அத்தையின் சொல்லுக்கு: உளைச்சல். நெல்லைப் பக்கம் கால் உளையும், இடுப்பு உளையும். வயிற்றுளைச்சல் என்றால் வயிறு முறுக்கிப் போகும் சீதபேதி. மனமும் உளையும். உடம்புக்கும் மனசுக்கும் வேலி போடாத சொல் அது, யாரும் மொழிபெயர்த்துச் செய்ததும் இல்லை. நுகர்வோர் நீதிமன்றச் செய்திகளில் 'மன உளைச்சலுக்கு இழப்பீடு' என்று வருவதால் வழக்குச் சொல்லாகிவிட்டதே என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். அங்கேயும் தொந்தரவு 'மன'தான். எடுத்துவிட்டால் தீர்ந்தது.

உடம்பையும் மனசையும் நம் இலக்கணக்காரர்கள் முன்பே சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளே இருப்பது மெய்யில் படுவதைப் பற்றியது. அதன் பட்டியலில் உயிர்ப்பு, இடுக்கண், வியர்த்தல், நடுக்கு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. பெருமூச்சையும் வியர்வையையும் நடுக்கத்தையும் துன்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வருவது நெருக்கடி: வேலை நெருக்கடி, கடன் நெருக்கடி. உள்ளே நடப்பது உளைச்சல். 'கிரானிக்' என்பது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கடுமை அதற்கு அர்த்தமே இல்லை. அதனால் நாட்பட்ட உளைச்சல். தீராத உளைச்சல் என்று எழுதாதீர்கள், தீராது என்று நாமே தீர்ப்பெழுதின மாதிரி ஆகிவிடும். பல வருட உளைச்சல் உடம்பில் விட்டுப்போகும் சேதத்துக்கு மூளை ஆய்வாளர் புரூஸ் மெக்கீவன் 1993இல் 'அலோஸ்டாடிக் லோட்' என்று ஒரு நீளமான பெயர் வைத்தார். தமிழில் அதற்குத் தேய்மானம் போதும், மெக்கானிக் கடையில்கூடப் புரியும். 'ஸ்ட்ரெஸ்ஃபுல்லான வேலை' என்றால் உளைச்சல் பிடித்த வேலை. பேச்சில் ஸ்ட்ரெஸ் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் கோபிக்கப்போவதில்லை, எதிரே அத்தை மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தால் மட்டும், "ராத்திரி உளையுதாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.