ஆம்புட்ஸ்மேன்: குறை கேட்பவரா, முறை கேட்பவரா?

ஓர் ஆசிரியர் மாணவனைக் கன்னத்தில் அறைகிறார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதைப் பார்த்துவிடுகிறார். புகார் எழுதினால் அது தலைமை ஆசிரியர் மேசைக்குத்தான் போகும். அடித்தவர், பார்த்தவர், விசாரிப்பவர் மூவரும் நாள்தோறும் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். அந்தத் தாள் மேசையிலேயே தங்கிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால்தான் பள்ளி நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் விசாரிக்க வேண்டும் என்கிறோம். அப்படிப்பட்டவருக்குப் பல நாடுகளில் வழங்கும் பெயர் ஆம்புட்ஸ்மேன்.

சொல் சுவீடன் நாட்டுடையது. 'ஓம்புட்' என்றால் ஒருவருக்காகப் பேசவும் செயல்படவும் பொறுப்பேற்றவர், அதாவது சார்பாளர். 1809 அரசியல் சட்டம், அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிக்க நாடாளுமன்றத்தின் சார்பில் ஒருவரை நியமிக்கச் சொன்னது. பிறகு பின்லாந்து, டென்மார்க் என்று பரவி, 1962-இல் நியூசிலாந்து வழியாக ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கும் வந்தது.

பள்ளிக்கென்றே ஒரு சார்பாளரையும் சுவீடன் 2006-இல் அமர்த்தியது. குழந்தைகள், மாணவர்களுக்கான ஓம்புட் அவர். ஊழியர் ஒருவர் மாணவரை இழிவாக நடத்தினால், இந்தச் சார்பாளர் பள்ளியை நடத்தும் அமைப்பிடம் மாணவருக்காக இழப்பீடு கேட்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். ஒரு மாணவர் அப்படி நடத்தப்பட்டதாக உணர்கிறார் என்று தெரிந்தாலே, ஊழியர்கள் அதைப் பள்ளித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அதைப் பள்ளியை நடத்தும் அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இரண்டுமே சட்டக் கடமை. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வேலையே இல்லை!

சரி, தமிழில் என்ன சொல்வது? வங்கி அறிவிப்புகளில் 'குறைதீர்ப்பாளர்' என்று பார்த்திருப்போம். இலங்கையில் 'குறைகேள் அதிகாரி' வழங்குகிறது. உள்ளாட்சிக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 'முறைமன்ற நடுவம்' என்கிறது.

பள்ளி விஷயத்தில் 'குறை' எனக்கு ஒட்டவில்லை. குழாயில் தண்ணீர் வராதது குறை. குழந்தையின் மேல் கை வைப்பது குறையா? 'தீர்ப்பாளர்' என்பதும் அதிகப்படி. இந்தப் பதவியில் இருப்பவர் பெரும்பாலும் விசாரிப்பார், கண்டதை எழுதுவார், நடவடிக்கை எடுக்கச் சொல்வார். தண்டனை தருவது வேறொருவர் கையில்.

'முறை' அப்படியல்ல. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்று குறள் சொல்லும்போது முறை என்பது நீதி. முறையிடுதல், முறையீடு, முறைகேடு எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. முறைகேட்டை விசாரிப்பவருக்கு 'முறைமன்ற நடுவர்' என்ற பெயர் அழகாகப் பொருந்துகிறது. 'நடுவர்' என்பதால், குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கொஞ்சம் நீளமான பெயர்தான். பள்ளிச் சுவரில் 'மாணவர் முறைமன்ற நடுவர்' என்று எழுதி, அப்புறம் அதன் கீழே அவருடைய நேரடித் தொலைபேசி எண்ணையும் பெரிதாக எழுதலாம். அது தலைமை ஆசிரியர் அறையில் மணியடிக்கும் எண்ணாக இருக்கக் கூடாது.